4 எண் கேட்டு அடம்பிடித்த கார் ரேடியோ! தேடிப் போனதில் அம்பலமானது வெள்ள ரகசியம்

(நமது நிருபர்)

என்ஜின் ஓடுகிறது. லைட் எரிகிறது. ஹாரன் அடிக்கிறது. ரேடியோ மட்டும் பாட மாட்டேன் என்கிறது. பாட்டுக்குப் பதிலாக 'கோட்' என்று நான்கு ஆங்கில எழுத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பழைய கார் வாங்கியவர்களில் பல பேருக்கு இந்த அனுபவம் உண்டு. பேட்டரி மாற்றிய மறு நிமிடம் ஆரம்பிக்கும் தலைவலி இது. வேறு யார் வீட்டிலாவது நடந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நடந்தது என் சொந்தத் தாய்மாமா வீட்டில்.

மாமா பெரம்பூர்வாசி. 36 வருஷம் கணக்கு எழுதி ரிடையரானவர். நாலு வருஷத்துக்கு முன்பு புரோக்கர் மூலம் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். வெளிநாட்டு கம்பெனி வண்டி, 2012 மாடல். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். கண்ணில் கொஞ்சம் பிரச்சினை வந்ததால் 'இனிமே ஓட்ட வேணாம்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை விற்றுவிட முடிவு செய்தார் மாமா. பாடியில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் ஒருவர் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வாங்கிக்கொள்வதாகப் பேசி, 10 ஆயிரம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்.

கொடுக்கும்போது நல்லபடியாகக் கொடுக்க வேண்டும் என்று மாமா சனிக்கிழமை புது பேட்டரி போட்டார். பேட்டரிக்காரப் பையன் வந்தான், பழசைக் கழற்றினான், புதுசை மாட்டினான், பத்தே நிமிடத்தில் போய்விட்டான். ரேடியோவை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

"திருட்டு செட்டா சார்?"

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் மனைவியோடு வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். உட்கார்ந்தார். ரேடியோ பொத்தானை அமுக்கினார். 'கோட்' என்று வந்தது.

"இது என்ன சார்?"

மாமாவுக்குத் தெரியவில்லை. நாலு வருஷத்தில் அவர் அதைப் பார்த்ததே கிடையாது.

"எங்க கடைப் பையன் சொல்லுவான் சார். திருட்டு செட்டுதான் இப்படி நம்பர் கேக்குமாம். இது திருட்டு செட்டா சார்?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் மாமாவின் முகம் அப்படியே கறுத்துவிட்டது. 36 வருஷத்தில் ஒரு ரூபாய் கணக்குத் தப்பாத மனிதர். வாசலில் நாலு பேர் வேடிக்கை பார்க்கிற நேரத்தில் இந்தக் கேள்வி.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ரேடியோ பாடணும் சார். இல்லேன்னா அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் கடைக்காரர்.

அன்று ராத்திரி மாமா எனக்கு போன் போட்டார். "டேய், நீ பேப்பர்லதானே இருக்கே? போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் போறே. இந்த ரேடியோ எழவு என்னன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

போன் போடுவதற்கு முன்பே மாமா தன் கைவரிசையைக் காட்டிவிட்டார். பிறந்த வருஷம் 1958 போட்டார். கல்யாண வருஷம் 1986 போட்டார். ரேடியோ 'சேஃப்' என்று காட்டிவிட்டு அடியோடு ஊமையாகிவிட்டது. அதன்பிறகு எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அசையவில்லை. கார் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம் என்று அத்தை சொன்னதைக் கேட்பதற்குக்கூட அதற்கு மனசில்லை.

மஞ்சள் ஒயர் செய்யும் வேலை

விசாரித்ததில் தெரிந்த விவரம் இது. கார் ரேடியோவுக்கு மின்சாரம் இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று சாவி போட்டால்தான் வரும். கடைகளில் விற்கும் செட்களில் இது சிவப்பு ஒயர். இன்னொன்று மஞ்சள் ஒயர், பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவியை எடுத்துவிட்டாலும் இதில் 12 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டேஷன் நம்பர், கடிகார நேரம் எல்லாம் நினைவில் நிற்பது இதனால்தான். கம்பெனி செட்களில் ஒயர் நிறம் மாறலாம். வேலை ஒன்றுதான்.

திருடன் செட்டைப் பிடுங்க வேண்டுமானால் இந்த ஒயரைத் துண்டித்தே ஆகவேண்டும். ஆகவே 'எனக்கு மின்சாரம் ஒரு தடவை அறுந்துபோனால், அடுத்த தடவை ரகசிய எண்ணைச் சொன்னால்தான் பாடுவேன்' என்று செட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பிடுங்கிக்கொண்டு போனவனுக்கு எண் தெரியாது. அவனுக்கு அது வெறும் தகரப் பெட்டி.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஒயரை அறுத்தது திருடனா, பேட்டரிக்காரப் பையனா என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? பேட்டரி செத்தாலும் கேட்கும், மெக்கானிக் டெர்மினலைக் கழற்றினாலும் கேட்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தண்ணீரில் நின்ற கார்களில் மெக்கானிக்குகள் செய்த முதல் காரியம் பேட்டரியைக் கழற்றியதுதான். வண்டி பிழைத்து வந்த பிறகும் 'கோட்' கேட்டு அடம்பிடித்த செட்கள் எத்தனையோ.

சரி, ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தால் என்ன? மாமா கணக்குப் பிள்ளை ஆயிற்றே, சும்மா இருப்பாரா! பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தார். நாலு இலக்கம் என்றால் 0000 முதல் 9999 வரை 10 ஆயிரம் எண்கள். ரெண்டு தடவை தப்பினால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதாவது 5 ஆயிரம் மணி நேரம். "208 நாள்டா! தூங்காம உக்காந்தா ஏழு மாசம்" என்றார். போதாததற்கு, காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரமும் சாவி போட்டு செட் ஆன் செய்த நிலையில் இருக்க வேண்டும் என்பது சில செட்களின் சட்டம். புது பேட்டரியும் உட்கார்ந்துவிடும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

கண்ணாடியில் 'ரேடியோ இல்லை' போர்டு

இந்தப் பூட்டு பிறந்த கதையும் திருட்டுக் கதைதான். கார் ரேடியோ அமெரிக்காவில் 1930-ல் கடைக்கு வந்தது. அதை விற்ற கால்வின் சகோதரர்கள் வைத்த பெயர்தான் மோட்டரோலா. பின்னாளில் செல்போன் விற்ற அதே பெயர். ஜெர்மனியில் 1932-ல் பிளாபங்க்ட் கொண்டுவந்தது. காரின் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் காலத்து செட் சின்னச் சாமான் அல்ல.

1980-களில் நியூயார்க் நகரத்தில் கார் ரேடியோ திருட்டு தலைவிரித்து ஆடியது. கண்ணாடியை உடை, செட்டைப் பிடுங்கு, ஓடு. ஒரு நிமிட வேலை. கார்க்காரர்கள் வெறுத்துப்போய், "இந்தக் காரில் ரேடியோ இல்லை" என்று எழுதிக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போனார்கள். உடைக்காதே ராசா, உள்ளே ஒன்றும் இல்லை என்று திருடனிடம் கெஞ்சுகிற போர்டு!

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. முதலில் கைப்பிடி வைத்த செட் வந்தது. இறங்கும்போது உருவிக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். ஓட்டலுக்குப் போனாலும் சினிமாவுக்குப் போனாலும் கக்கத்தில் ரேடியோ. பிறகு முகப்பை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும் செட் வந்தது. இன்னொரு வழி நம்பர் பூட்டு. செலவில்லாத பூட்டு. ஆனால் நம்பர் இருப்பது திருடனுக்குத் தெரிய வேண்டுமே? தெரியாமல் கண்ணாடியை உடைத்துவிட்டால் யாருக்கு லாபம்? அதனால் 'கோட் உள்ள ரேடியோ' என்று ஸ்டிக்கரும் ஒட்டினார்கள்.

நம்ம ஊரில் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய நாளில் காரில் ரேடியோ இருப்பதே பெரிய இடத்து விஷயம். 1980-களின் நடுப்பகுதி வரை தபாலாபீசில் ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நம்பர் பூட்டெல்லாம் வெளிநாட்டு கம்பெனி கார்கள் இங்கே வர ஆரம்பித்த பிறகு கூடவே வந்து இறங்கியது.

1,200 ரூபாய் ஏப்பம்!

திங்கட்கிழமை மாமா என்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். இன்டர்நெட்டில் தேடி, 'எந்த ரேடியோவுக்கும் 5 நிமிடத்தில் கோட்' என்று போட்டிருந்த ஆசாமிக்கு வாட்ஸ்அப் அனுப்பினார். கார் மாடல் என்ன என்று மட்டும் கேட்டான். 1,200 ரூபாய் ஜி-பே பண்ணச் சொன்னான். பண்ணினார். நாலு எண் வந்தது. போட்டார். தப்பு. கேட்டார். "இன்னொரு 800 போடுங்க சார், மாஸ்டர் கோட் தரேன்" என்றான். மாமா சுதாரித்துக்கொண்டு திட்டினார். அதோடு ஆசாமி கம்பி நீட்டிவிட்டான். நம்பர் பிளாக்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. கார் மாடலை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கில்லாடியாலும் கோட் சொல்ல முடியாது. எண் காருக்குச் சொந்தமல்ல, செட்டுக்குச் சொந்தம். ஒவ்வொரு செட்டுக்கும் தனி வரிசை எண் உண்டு. அதைக் கேட்காமல் பணம் கேட்கிறவன் மோசடிப் பேர்வழி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பணம் போன உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். மாமா வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் சாயங்காலம் வரை யாரிடமும் சொல்லவில்லை. பணம் போனது போனதுதான்.

வரிசை எண்ணை எப்படிப் பார்ப்பது? இது வண்டிக்கு வண்டி மாறுகிறது. ஹோண்டா கார்களில் பல செட்களுக்கு, ரேடியோவை ஆஃப் செய்துவிட்டு, சாவி போட்டு, 1, 6 ஆகிய இரண்டு பொத்தான்களையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ரேடியோவை ஆன் செய்தால் எண் திரையிலேயே வரும். ஃபோர்டு செட்கள் சிலவற்றில் 'வி' அல்லது 'எம்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி ஆறு எண்கள் இருக்கும். ரெனோ செட்களில் ஓர் எழுத்தும் மூன்று எண்களும். திரையில் வராவிட்டால் செட்டை வெளியே உருவித்தான் லேபிளைப் பார்க்க வேண்டும்.

'எம்' எழுத்து ஃபோர்டு செட்கள் மாதிரி சிலவற்றில் வரிசை எண்ணுக்கும் கோடுக்கும் நிரந்தரமான கணக்கு ஒன்று இருக்கிறது. அந்தக் கணக்கு எப்போதோ வெளியே கசிந்துவிட்டது. அவர்களுக்குப் பிழைப்பு சுலபம். 2021-ல் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது, இனி கோட் தொலைந்தால் யாரைக் கேட்பது என்று பழைய வண்டிக்காரர்கள் பயந்தார்கள். 'எம்' செட் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பயம் தேவைப்படவில்லை. மற்ற பல கம்பெனிகளில் அப்படிக் கணக்கு எதுவும் இல்லை. எண் கம்பெனி ரிக்கார்டில் இருக்கும், செட்டின் வயிற்றுக்குள் இருக்கும், முதலில் கொடுத்த அட்டையில் இருக்கும். வேறெங்கும் கிடையாது.

அந்த அட்டை! வண்டி வாங்கும்போது புத்தகப் பையில் ஏ.டி.எம். கார்டு அளவுக்கு ஒன்று வைத்துக் கொடுப்பார்கள். யாரும் பார்ப்பதில்லை. சில இடங்களில் டேஷ்போர்டு பெட்டியின் உள்பக்கச் சுவரில் ஸ்டிக்கராகவே ஒட்டியிருப்பார்கள். மாமாவின் வண்டியில் அட்டையும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. புத்தகப் பையே இல்லை. புரோக்கர் கொடுக்கவே இல்லையாம்.

எண் கிடைத்தது, ரேடியோ திறக்கவில்லை

செவ்வாய்க்கிழமை சர்வீஸ் சென்டருக்குப் போனோம். முன்னால் டை கட்டி உட்கார்ந்திருந்த வாலிபர் வண்டியைப் பார்க்காமலே, "புது செட் போட்டுடுங்க சார், 18 ஆயிரம்தான் ஆகும்" என்றார். 'தான்' என்று அவர் சொன்னதில் மாமாவுக்கு மறுபடி முகம் மாறியது. நல்லவேளை, உள்ளே ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் இருந்த வயதானவர் கூப்பிட்டார். "ஆர்.சி. புக்கும் ஆதார் ஜெராக்ஸும் குடுங்க. ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. சேஸிஸ் நம்பரை ஹெட் ஆபீசுக்கு அனுப்பி வாங்கித் தரேன்."

சொன்னபடி புதன்கிழமை மத்தியானம் வாங்கிக் கொடுத்தார். 350 ரூபாய் பில். நாலு எண்கள். மாமா சந்தோஷத்தில் அங்கேயே வண்டிக்குள் உட்கார்ந்து போட்டார்.

தப்பு.

மறுபடி போட்டார். மறுபடி தப்பு. 'சேஃப்'. ஒரு மணி நேரம்.

பெரியவர் கம்ப்யூட்டரில் சரிபார்த்தார். எண் சரிதான். சேஸிஸ் சரிதான். பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. இந்த வண்டியோட பொறந்த செட்டு இது இல்லை."

மாமா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. அப்படியானால் கடைக்காரர் கேட்டது நிஜமா? நாலு வருஷமாக யார் வீட்டு ரேடியோவில் நியூஸ் கேட்டுக்கொண்டிருக்கிறோம்?

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்த போலீஸ் அதிகாரி ஒருவரிடம் கேட்டேன். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாமல் வாங்கினாலும் வைத்துக்கொண்டாலும் 3 ஆண்டு வரை ஜெயில். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 411-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 317-வது பிரிவு. "தெரியாம வாங்கினவருக்கு பயம் இல்ல. ஆனா தெரிஞ்சதுக்கப்புறம் சும்மா விட்டுட்டு இன்னொருத்தர் தலையில கட்டினாத்தான் வம்பு" என்றார். அதை மாமாவிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்கு ஒரே யோசனை. சொல்லிவிட்டேன்.

"ஆர்.சி. எங்கே?"

வியாழக்கிழமை. கெடு முடிய ஒரு நாள்.

கார் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். எந்தத் தெரு என்பது வேண்டாம், எல்லாத் தெருவிலும் நல்லவர்களும் இருக்கிறார்கள். "செட்டக் கழட்டிக் கொண்டாங்க, எண்ணூறு ரூபா. அரை மணில திறந்து தரேன். பேப்பர் கீப்பர் ஒண்ணும் வேணாம்" என்றான் கடைக்காரன். மலிவு. வேகம். மாமா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "பேப்பர் வேணாங்கிறவன்கிட்ட நமக்கு வேலை இல்லடா."

அங்கிருந்து ரிச்சி தெரு. எலெக்ட்ரானிக் சாமான்களுக்குப் பேர்போன அந்தச் சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய இடத்தில் கார் ஸ்டீரியோ ரிப்பேர் செய்கிற பாய் ஒருவர் இருக்கிறார். கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் சால்டரிங் அயர்ன். விஷயத்தைச் சொன்னோம். தலையைத் தூக்காமலே கேட்டார்:

"ஆர்.சி. எங்க?"

மாமா கொடுத்தார். பார்த்தார். ஆதாரைப் பார்த்தார். பேரை ஒத்துப் பார்த்தார். "வண்டி வந்திருக்கா? வண்டியில மாட்டியிருக்கற செட்டத்தான் நான் தொடுவேன். தனியா கையில கொண்டு வர்ற செட்டத் தொட மாட்டேன்." அதற்குக் காரணமும் சொன்னார். முன்பு ஒரு தடவை இரண்டு வாலிபர்கள் சாக்குப் பையில் நாலு செட் கொண்டுவந்து கொட்டினார்களாம். ஒயர் எல்லாம் கத்தியால் வெட்டினது. "நாலு செட்டுக்கு நாலாயிரம் குடுக்கறேன்னானுங்க. எந்திரிச்சுப் போங்கடான்னேன். நான் துறந்து குடுத்தா அந்தப் பூட்டு எதுக்கு?"

காய்ந்த சேறு

வண்டி பக்கத்துத் தெருவில் நின்றது. பாய் தன் பையனோடு வந்தார். மெல்லிய தகடு போன்ற சாவி இரண்டை இரண்டு பக்கமும் செருகி இழுத்தார். செட் வெளியே வந்தது.

லேபிளைப் பார்த்தார். வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டார். பிறகு டார்ச்சை உள்ளே அடித்தார். அடித்தவர் அப்படியே நின்றார்.

"சார், இங்க வந்து பாருங்க."

குனிந்து பார்த்தோம். டேஷ்போர்டுக்கு உள்ளே, ஒயர்க் கட்டின்மேல், பொடிப்பொடியாகக் காய்ந்த சேறு. செட்டைத் தாங்கும் இரும்புத் தகட்டின் ஸ்குரூ எல்லாம் செம்மண் நிறத்தில் துரு. ஆனால் செட்டின் மேல் ஒரு பொட்டுத் துரு இல்லை.

"செட்டு பின்னாடி வந்தது சார். வண்டி முன்னாடியே குளிச்சிருக்கு" என்றார் பாய்.

மாமா அங்கேயே நின்று புரோக்கருக்கு போன் போட்டார். முதலில் தெரியவே தெரியாது என்றார் அவர். "சேறு இருக்குய்யா உள்ள! போட்டோ அனுப்பட்டுமா?" என்று மாமா கத்தியதும் இறங்கி வந்தார். வண்டியின் முதல் சொந்தக்காரர் வேளச்சேரியில் இருந்த ஒரு அம்மா. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி டேஷ்போர்டு வரை மூழ்கியதாம். இன்சூரன்சில் ரிப்பேர் பார்த்து ஓட்டியிருக்கிறார்கள். "நீங்க கேக்கலியே சார்" என்றார் புரோக்கர்.

அந்த அம்மாவின் நம்பரைக் கேட்டு வாங்கினோம். இப்போது கோவையில் மகனோடு இருக்கிறார். எடுத்ததும் பயந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "ஆமாங்க, பழைய ரேடியோ தண்ணி போயி செத்துப்போச்சுங்க. மெக்கானிக் புதுப்பேட்டையில அதே மாடல் பழைய செட்டு ஒண்ணு வாங்கிப் போட்டாருங்க. பில்லு இருக்குமுங்க, எங்க வீட்டுக்காரரு ஒரு பில்லையும் தூக்கிப் போட மாட்டாரு" என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது. மஞ்சளடித்த பில். எந்த வண்டியிலிருந்து கழற்றினது என்பதற்கு அந்த உடைத்த காரின் நம்பரும், செட்டின் வரிசை எண்ணும் கையால் எழுதி, கடை முத்திரையோடு இருந்தது. பாய் தான் குறித்த எண்ணை ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். ஒத்துப்போனது.

மாமா பிளாட்பாரத்தில் இருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "டீ சொல்லுடா" என்றார். புதன்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

எட்டுக் கால் சிப்

அதன்பிறகு பாய் செய்தது இருபது நிமிட வேலை. மூடியைக் கழற்றினார். உள்ளே பச்சை போர்டில் உளுந்தம்பருப்பு அளவில் எட்டுக் கால் வைத்த ஒரு கறுப்பு சிப். மின்சாரம் போனாலும் மறக்காத நினைவு சிப் அது. ரகசிய எண் அதில்தான் எழுதியிருக்கிறது. அதன் கால்களில் ஒரு கிளிப்பை மாட்டி, லேப்டாப்பில் சொருகினார். திரை முழுக்க எண்ணும் எழுத்துமாக ஓடியது. நமக்கு ஒன்றும் புரியாது. சில செட்களில் எண் தலைகீழாக ஒளிந்திருக்குமாம், சிலதில் இரண்டிரண்டாக மாற்றிப் போட்டிருக்குமாம். எந்த செட்டில் எந்த வரியில் என்பது அவருக்கு அத்துப்படி. ஒரு சீட்டில் நாலு எண் எழுதினார்.

செட்டைத் திரும்பப் பொருத்தினார். மாமாவையே போடச் சொன்னார். விரல் கொஞ்சம் நடுங்கியது. நாலாவது எண்ணைப் போட்டு அமுக்கினார்.

ஒரு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு எடுத்த எடுப்பில் நகைக்கடன் விளம்பரம்! அடமானம் வைத்த நகையை மீட்டுத் தருகிறோம் என்று ஒரு பெண் குரல் தெருவே அதிரக் கத்தியது. வால்யூமை யாரோ ஏற்றி வைத்திருக்கிறார்கள். பாய் முதல் தடவையாகச் சிரித்தார். 700 ரூபாய் வாங்கிக்கொண்டார். "அடுத்த தடவ பேட்டரி மாத்தும்போது, கழட்டறதுக்கு முன்னாடி பக்கத்துல வேற ஒரு 12 வோல்ட் பேட்டரிலேர்ந்து லைன் குடுக்கச் சொல்லுங்க. மஞ்ச ஒயர்ல கரண்ட் அறுந்தாத்தான் இது கேக்கும்" என்று சொல்லி அனுப்பினார்.

இனி வரும் வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. இப்போதைய திரை செட்களில் பலவும் காரின் கம்ப்யூட்டரோடு பிணைந்தே இருக்கின்றன. தன் காரைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும், நம்பர் கேட்காது. ஆனால் அப்படி ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி வேறு காரில் மாட்டினால் சில கம்பெனி செட்கள் வாயே திறக்காது. சீட்டில் எழுதிக் கொடுக்க நாலு எண்ணும் இருக்காது. பாயிடம் போனாலும் கஷ்டம்.

15 ஆயிரம் போனது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்காரர் வந்தார். ரேடியோ பாடியது. அவர் பாக்கிப் பணத்தை எடுத்தார். ரேடியோதான் பாடிவிட்டதே, பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கலாம். வேறு யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

"கொஞ்சம் இருங்க" என்றார் மாமா. பில்லின் போட்டோவைக் காட்டினார். சேற்றின் போட்டோவையும் காட்டினார். 2015 வெள்ளத்தைச் சொன்னார். "நாலு வருஷம் எனக்கு ஒரு தொந்தரவும் குடுக்கல. ஆனா முங்கின வண்டி. தெரிஞ்சு வாங்குங்க, இல்ல அட்வான்ஸை வாங்கிக்குங்க."

அத்தை சமையல்கட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்து முறைத்தார். நான் என்ன செய்ய?

கடைக்காரர் மனைவியைத் தனியே கூட்டிப் போய்ப் பேசினார். திரும்பி வந்து 15 ஆயிரம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். மாமா ஒத்துக்கொண்டார். ரேடியோ கணக்கில் மொத்தச் செலவு: மோசடி ஆசாமிக்கு 1,200, சர்வீஸ் சென்டருக்கு 350, பாய்க்கு 700, விலையில் 15 ஆயிரம். கூட்டினால் 17,250. 18 ஆயிரம் கொடுத்துப் புது செட் போட்டிருந்தால் சேறும் வெளியே தெரிந்திருக்காது என்று அத்தை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். புது செட் போடுகிறவனும் பழசைக் கழற்றத்தானே வேண்டும் என்று மாமா பதில் சொல்கிறார்.

வண்டியைக் கொடுக்கும் நேரத்தில் ஒரு சின்ன விஷயம். கடைக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ரேடியோவுக்கு மேலே, டேஷ்போர்டில், மாமாவின் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு வெள்ளைச் சீட்டு செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது. 'ரேடியோ கோட்' என்று எழுதி, கீழே நாலு எண்கள். புது சொந்தக்காரர் கஷ்டப்படக்கூடாது என்று காலையிலேயே ஒட்டினாராம்.

நான்தான் ஓடிப்போய்ப் பிய்த்து, கடைக்காரரின் சட்டைப் பையில் போட்டேன்.